தாராவிப் பட்டறையில் கம்ப்யூட்டர்: ஊசி நம்மிடம், 'பைல்' யாரிடம்?

சயான் ரயில் நிலையத்தில் இறங்கி, 90 அடி ரோடு பக்கமாகத் தாராவிக்குள் நடந்தால் காதில் முதலில் விழுவது தையல் மெஷின்களின் ஓசை. அடுத்தது, தோலில் துளை போடும் சுத்தியலின் ஓசை. இவை இரண்டும் நம்மவர்களுக்குப் பழகியவை. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்கூட ஒரு வாரத்தில் அந்த ஓசைக்கு நடுவே தூங்கப் பழகிவிடுவார்.

கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் மூன்றாவதாக ஓர் ஓசை சேர்ந்திருக்கிறது. தகரக் கூரையில் மழை கொட்டுவது போன்ற இடைவிடாத படபடப்பு. சற்று நிற்கும், 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், நூலின் நிறம் மாறும், மறுபடியும் படபடக்கும். அதுதான் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். ஆள் கை வைக்காமலே துணியில் பூ விழுகிறது, மயில் விழுகிறது, பள்ளிச் சட்டையின் பையில் பள்ளியின் முத்திரை விழுகிறது. மெஷினின் ஓரத்தில் கையகலத்தில் ஒரு திரை. அதில் ஓடும் எண்களைப் பார்த்துத்தான் இன்று பல குடும்பங்கள் அன்றைய கூலியைக் கணக்கிடுகின்றன.

இந்தத் திரை நம் வீட்டுப் பட்டறைகளுக்கு என்ன செய்தது? என்ன செய்யக் காத்திருக்கிறது? தாராவியில் தொழில் செய்வோரும், மகனையோ மகளையோ கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பி வைத்துள்ள மாட்டுங்கா, செம்பூர் குமாஸ்தா குடும்பத்தினரும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

வீடும் அதுவே, பட்டறையும் அதுவே

தாராவியின் பரப்பு இரண்டு சதுர கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். அதற்குள் வசிப்பவர்கள் 6 லட்சம் என்பாரும் உண்டு, 10 லட்சம் என்பாரும் உண்டு. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம்கள் இங்கே தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினார்கள். அவர்களைத் தொடர்ந்து தென் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். 1924-ல் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. தோல் பதனிடும் வேலை பிற்காலத்தில் நகரை விட்டு வெளியேற்றப்பட்டாலும், பதனிட்ட தோலை வரவழைத்துப் பை, பெல்ட், பர்ஸ் செய்யும் தொழில் நிலைத்துவிட்டது.

தாராவித் தொழிலின் தனித்தன்மை, வீட்டையும் பட்டறையையும் பிரிக்கும் சுவர் இல்லாதது. பத்துக்குப் பத்து அறையில் பகலில் மெஷின் ஓடும். இரவில் அதே மெஷினின் காலடியில் பாய் விரிக்கப்படும். கீழே பட்டறை, இரும்பு ஏணி வழியாக ஏறினால் மேலே குடித்தனம் என்று இருப்பவர்களும் உண்டு. வாடகை ஒன்று, கரண்ட் பில் ஒன்று, ரயில் சீசன் டிக்கெட் செலவு கிடையாது. மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே பட்டன் தைப்பார். பள்ளி விட்டு வரும் பையன் நூல் கண்டு மாற்றுவான். சிறிய முதலில் தொழில் நடப்பதன் ரகசியம் இதுதான்.

இப்படிப்பட்ட அறைக்குள் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கும் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு தலைகள் கொண்ட எம்பிராய்டரி மெஷின் பல மீட்டர் நீளம் இருக்கும். அது வீட்டுக்குள் நுழையாது. 'காலா' என்று மும்பையில் சொல்லும் தொழிற்கூடத்தில்தான் வைக்க முடியும். வீட்டுக்குள் வைக்கக்கூடியது ஒற்றைத் தலை மெஷின். அதைவிடச் சிறிய இடத்தில் அடங்குவது, மெஷினே இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் மட்டும். பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்கு இந்த வித்தியாசம் மிகவும் முக்கியம்.

தறியில் பிறந்த அட்டை

கம்ப்யூட்டர் ஆபீசில் பிறந்து பட்டறைக்கு வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் வம்சாவளியைத் தேடினால் நெசவுத் தறியில் போய் நிற்கிறது.

பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு, 1804-ல் ஒரு தறி இயந்திரத்தைச் செய்து முடித்தார். தொடராகக் கோர்த்த அட்டைகளில் துளைகள் இருக்கும். துளை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. அட்டையை மாற்றினால் டிசைன் மாறும். காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை நெய்யும் வீடுகளில் தறியின் தலைக்கு மேல் தொங்கும் அட்டை மாலையைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 'ஜக்கார்டு' என்ற பெயரே அந்த மனிதருடையதுதான்.

இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு அந்தத் துளை அட்டையையே எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் 1890-ல் ஹெர்மன் ஹாலரித் என்பவர், மக்கள் தொகைக் கணக்கைத் துளை அட்டையில் பதிந்து இயந்திரத்தால் எண்ணினார். அவருடைய கம்பெனியின் வழி வந்ததே ஐ.பி.எம். நம் நாட்டின் ரயில்வே கணக்கு அலுவலகங்களிலும் துளை அட்டைகள் நெடுங்காலம் ஓடின. பழைய குமாஸ்தாக்களுக்கு அந்த அட்டைக் கட்டுகள் இன்னும் ஞாபகம் இருக்கும்.

ஆக, நெசவாளியின் அட்டை ஆபீசுக்குப் போய், கம்ப்யூட்டராக வளர்ந்து, மீண்டும் நூலும் ஊசியும் இருக்கும் இடத்துக்கே வந்திருக்கிறது. ஒரு வார்த்தை மட்டும் மாறவில்லை. எம்பிராய்டரி டிசைனைக் கம்ப்யூட்டரில் தயாரிப்பதற்கு மும்பைத் தொழிலில் இன்றும் 'பஞ்சிங்' என்றுதான் பெயர். துளை போட்ட காலம் போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

ஒரு தையலுக்கு மூன்று எழுத்து

மெஷினுக்கு மயில் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சட்டத்தை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும், ஊசியை எப்போது இறக்க வேண்டும் என்பதுதான். இந்தக் கட்டளைகளின் தொகுப்பே 'பைல்'. ஜப்பானின் தாஜிமா நிறுவனம் ஏற்படுத்திய 'டி.எஸ்.டி' என்ற பைல் முறையைத்தான் இன்று எல்லாக் கம்பெனி மெஷின்களும் ஏறக்குறைய பொதுமொழியாக ஏற்றுக்கொண்டுள்ளன. அதில் ஒவ்வொரு நகர்வும் மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் குறிக்கப்படுகிறது. ஒரு தையலுக்கு மூன்றே மூன்று 'பைட்', அதாவது மூன்று எழுத்து அளவு இடம்தான் செலவாகும்.

12,000 தையல் கொண்ட ஒரு டிசைனை எடுத்துக்கொள்வோம். அதற்கு 36,000 பைட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் வேண்டும். பழைய பிளாப்பி ஒன்றில் இப்படி 40 டிசைன்களை அடக்கலாம். இன்றைய பென் டிரைவில் ஒரு பட்டறை ஆயுள் முழுவதும் தைக்கும் டிசைன்கள் அனைத்தும் அடங்கிவிடும்.

மெஷின் நிமிடத்துக்கு 800 தையல் போடுகிறது என்றால், 12,000 தையலுக்கு 15 நிமிடம். பன்னிரண்டு தலை மெஷினில் அதே 15 நிமிடத்தில் 12 உருப்படி இறங்கும். கணக்குப்படி மணிக்கு 48. ஆனால் நூல் அறுவது, நிறம் மாறுவது, துணியைச் சட்டத்தில் பூட்டுவது எல்லாவற்றையும் கழித்தால் கையில் வருவது அதைவிடக் குறைவுதான். புதிதாக மெஷின் வாங்குகிறவர்கள் ஏமாறும் முதல் இடம் இது. மெஷின் விற்பவர் மணிக்கு 48 என்று சொல்லுவார்; தவணை கட்டும்போதுதான் உண்மை தெரியும்.

கூலி பேசுவது ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்ற கணக்கில். தையலின் எண்ணிக்கை திரையிலேயே தெரிகிறது. பைலின் ஆரம்பத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் வேலையைக் கண்ணால் பார்த்து, "இது சின்ன பூதானே" என்று கூலியைக் குறைத்துப் பேசும் வழக்கம் இருந்தது. இப்போது எண் பேசுகிறது. படிப்பில்லாத தொழிலாளிகூட அந்த ஒரு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும், கூலியில் யாரும் அவரை ஏமாற்ற முடியாது.

வேர் ஒருவரிடம், இலை ஒருவரிடம்

இவ்வளவு நல்லது செய்யும் திரையில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"அண்ணாச்சி, போன வாரம் தச்ச அதே டிசைன்தான். கொஞ்சம் பெரிசா, அஞ்சு இஞ்சுல வேணுமாம். ரெண்டு நாளைல குடுக்கணும்."

"நம்மகிட்ட இருக்கிற பைல் நாலு இஞ்சுக்குத்தான் தம்பி. பெரிசாக்கினா நூலுக்கு நடுவுல துணி தெரியும். பஞ்சிங்காரர்கிட்டதான் திரும்பப் போகணும்."

காரணம் எளிது. டி.எஸ்.டி பைலில் இருப்பவை வெறும் ஊசிக் குத்துகள். நான்கு அங்குலப் பூவை ஐந்து அங்குலமாக்கினால், குத்துகளின் எண்ணிக்கை கூடாமல் இடைவெளி மட்டும் கூடும். சிறிதாக்கினால் குத்துகள் நெருங்கி, நூல் முடிச்சிட்டு, ஊசி உடையும். சிறிதளவு கூட்டிக் குறைப்பதைத்தான் மெஷின் தாங்கும். எந்த இடத்தில் எந்த நிறம் என்பதுகூட அந்தப் பைலில் கிடையாது. நிறம் மாற்ற நிற்க வேண்டிய இடம் மட்டுமே இருக்கும். நிறத்தைத் தனித் தாளில் எழுதித்தான் தருவார்கள்.

பஞ்சிங் செய்தவரிடம் இன்னொரு பைல் இருக்கிறது. அதில் பூவின் வெளிக்கோடு, நூல் ஓடும் திசை, நெருக்கம் எல்லாம் தனித்தனியே இருக்கும். அதை எந்த அளவுக்கு மாற்றினாலும் கம்ப்யூட்டர் தையலைப் புதிதாகக் கணக்கிட்டுக் கொடுத்துவிடும். மரத்துக்கு வேர் போன்றது அந்தப் பைல். மெஷினுக்கு வருவது இலை. பட்டறைக்காரர் இலைக்குக் காசு கொடுக்கிறார். வேர், பஞ்சிங்காரரிடமோ ஆர்டர் கொடுத்த வியாபாரியிடமோ தங்கிவிடுகிறது.

விளைவு என்ன? லட்சக்கணக்கில் கடன் வாங்கி மெஷின் போட்டவர், இரவு பகலாக ஓட்டினாலும் கூலிக்குத் தைப்பவராகவே இருக்கிறார். வியாபாரி அதே பைலை வேறு பட்டறைக்குக் கொடுத்து, ஆயிரம் தையலுக்குச் சில பைசா குறைத்துக்கொண்டால், தவணை கட்டும் மெஷின் சும்மா நிற்கும். முன்பு கையால் பூ வரைந்த மாஸ்டரை எளிதில் மாற்ற முடியாது. அந்தக் கலை அவர் கையோடு இருந்தது. இப்போது அது ஒரு விரல் நீளப் பென் டிரைவில் வந்து போகிறது.

ஆகவே பைல் வாங்கும்போதே இரண்டையும் கேட்டு வாங்குவது நல்லது. வேர்ப் பைலுக்குக் கூடுதலாகக் காசு கேட்டால், எந்த டிசைன் திரும்பத் திரும்ப வரும் என்று பார்த்து அதற்காவது கொடுத்து வாங்கலாம். பள்ளி முத்திரை, கம்பெனி முத்திரை போன்றவை ஆண்டுதோறும் வருபவை. அவற்றின் வேர் பட்டறையில் இருந்தால் ஆர்டரும் பட்டறையைத் தேடித்தான் வரும்.

வீட்டிலேயே பஞ்சிங்

இதைவிட நல்ல வழி, பஞ்சிங்கை வீட்டிலேயே கற்றுக்கொள்வது. முன்பு சொன்னபடி இதற்கு மெஷின் தேவையில்லை. ஒரு மேஜையும் ஒரு கம்ப்யூட்டரும் போதும். வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்களுக்கும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கும் இது ஏற்றது. கிராண்ட் ரோடு ஸ்டேஷன் பக்கத்தில் உள்ள லாமிங்டன் ரோட்டில் பழைய கம்ப்யூட்டர்கள் கிடைக்கின்றன. இந்த வேலைக்கு மிகவும் புதியது வேண்டும் என்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் தோன்றிய வில்காம் போன்ற மென்பொருள்கள் பெரிய பட்டறைகளில் பழக்கத்தில் உள்ளன. அவற்றின் விலை சிறிய குடும்பத்துக்கு எட்டாது. திருட்டுப் பிரதி எடுத்து ஓட்டுகிறவர்கள், என்றைக்காவது அது நின்றுபோனால் பைல்களோடு சேர்த்து இழக்கிறார்கள். இதற்கு மாற்றாக 'இங்க்/ஸ்டிச்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 'இங்க்ஸ்கேப்' என்ற இலவச ஓவிய மென்பொருளோடு சேர்ந்து வேலை செய்யும்; டி.எஸ்.டி பைலும் தரும். பெரிய மென்பொருளின் எல்லா வசதியும் அதில் இராது. கற்றுக்கொள்ளவும், முத்திரை, எழுத்து, சிறிய பூ வேலை செய்யவும் அது போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கம்ப்யூட்டர் தெரிந்தவர் எல்லாம் பஞ்சிங் தெரிந்தவர் ஆகிவிட மாட்டார். திரையில் வட்டமாக இருப்பது துணியில் முட்டை வடிவமாக இறங்கும். தையல் ஓடும் திசையில் நூல் துணியை இழுப்பதே இதற்குக் காரணம். அந்த இழுப்பைக் கணக்கிட்டு, திரையில் அந்தப் பக்கம் கொஞ்சம் அகலப்படுத்தி வரைய வேண்டும். பனியன் துணி அதிகம் இழுபடும். ஜீன்ஸ் துணி குறைவாக இழுபடும். மேல் தையலுக்கு முன்னால் அடித்தளமாக எந்தத் தையலைப் போடுவது, துணியின் அடியில் எத்தகைய காகிதம் கொடுப்பது என்பதெல்லாம் துணியைத் தொட்டுத் தொட்டு வந்த அனுபவம்.

இருபது ஆண்டு தையல் மெஷினில் உட்கார்ந்த அப்பாவுக்கு இந்த ஞானம் இருக்கிறது. கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன மகளுக்குத் திரை தெரிகிறது. ஒருவர் சொல்ல ஒருவர் செய்தால், வகுப்பில் மட்டும் படித்து வந்த எவரையும்விட நல்ல பைல் தயாராகும். வீடும் பட்டறையும் ஒன்றாக இருப்பதன் லாபம் இங்கேதான் தெரிகிறது.

தோல் பட்டறையில்

தோல் வேலையில் திரையின் பங்கு வேறு விதமானது. தோலை வெட்டுவதும் மடிப்பதும் ஒட்டுவதும் இன்னும் பெரும்பாலும் கைவேலையே. ஒரே தோலில் கழுத்துப் பக்கம் ஒரு தடிமன், வயிற்றுப் பக்கம் ஒரு தடிமன். எங்கே தழும்பு, எங்கே சுருக்கம் என்று விரலால்தான் அறிய வேண்டும். அதைப் பார்த்து அட்டை மாதிரியை நகர்த்தி வைத்து, வீணாகாமல் வெட்டுகிற கைக்கு இணை இல்லை.

ஆனால் அந்த அட்டை மாதிரியைத் திரையில் வரைந்து வைத்தால் சில நன்மைகள் உண்டு. வெட்டி வெட்டி ஓரம் தேய்ந்த அட்டையால் பர்ஸ் அரை மில்லி மீட்டர் சிறுத்துப்போவதும், கார்டு நுழையாமல் சரக்கு திரும்பி வருவதும் தெரிந்த கதை. திரையில் இருக்கும் மாதிரி தேயாது. வேண்டும்போது தாளில் அச்சடித்து அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். தீபாவளிக்குக் கம்பெனிகள் கொடுக்கும் பர்ஸ், டைரி உறைகளில் கம்பெனியின் பெயரை அழுத்திப் பதிக்கும் உலோக பிளாக்கும் இப்போது கம்ப்யூட்டரில் வரைந்த படத்திலிருந்துதான் செய்யப்படுகிறது. அங்கேயும் அந்த வரைபடம் பட்டறைக்காரர் கையில் இருப்பது நல்லது.

மொபைல் திரையையும் ஒதுக்குவதற்கில்லை. மாதிரியைப் படம் எடுத்து அனுப்பி ஆர்டர் பிடிப்பதும், 2016-ல் வந்த யு.பி.ஐ முறையில் உடனே பணம் பெறுவதும் சகஜமாகிவிட்டன. ஆனால் வாயால் பேசி முடித்த ஆர்டரை உடனே எழுத்தில் அனுப்பி, "சரி" என்ற பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நிறம், அளவு, எண்ணிக்கை, தேதி, விலை என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். சரக்கை எடுத்துப் போய்விட்டு இழுத்தடிக்கும் வியாபாரியிடம் பேச அது உதவும்.

தூசி, மழை, கரண்ட்

ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் குளிர்சாதன அறை கிடைத்தது. தாராவிக் கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது பஞ்சும், தோல் தூளும், அடுப்புப் புகையும். அதன் உள்ளே இருக்கும் விசிறி, காற்றோடு பஞ்சையும் இழுத்து உள்ளே அடைத்துக்கொள்ளும். சூடு வெளியே போகாமல் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றால், பெரும்பாலும் இதுவே காரணம். வாரம் ஒரு முறை மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைக் கழற்றி, காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும். கூலிக்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை. கம்ப்யூட்டரைத் தரையிலோ மெஷின் பலகையிலோ வைக்காமல் சுவரில் தனிப் பலகை அடித்து வைப்பது நல்லது. மெஷினின் அதிர்வும் தாக்காது, குழந்தையின் கையும் எட்டாது.

மழைக்காலத்துக்கும் இந்த உயரம் உதவும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியதையும், மித்தி நதி பெருகியதையும் மும்பைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் நனைந்தால் வேறு வாங்கலாம். உள்ளே இருந்த பைல்கள் போனால் பல ஆண்டு உழைப்பு போனதாகும். எனவே எல்லாப் பைல்களையும் இரண்டு பென் டிரைவ்களில் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில், செம்பூரிலோ கல்யாணிலோ உள்ள உறவினரிடம் கொடுத்து வைப்பது நல்லது. இதற்குச் செலவு சில நூறு ரூபாய்தான்.

தையல் மோட்டாரும் கம்ப்யூட்டரும் ஒரே பிளக் போர்டில் இருந்தால், மோட்டார் கிளம்பும்போதெல்லாம் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தளரும். தனி வயரும், சரியான எர்த் இணைப்பும், ஒரு சிறிய யு.பி.எஸ் பெட்டியும் வேண்டும். மின்சாரம் போனால் வேலையைச் சேமித்து நிறுத்த அந்தப் பெட்டி சில நிமிடம் தரும், அது போதும். தோல் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவைத் திறந்து வைத்த இடத்தில் பிளக் போர்டு இருக்கவே கூடாது. அந்த ஆவி எளிதில் தீப்பற்றும். நெருக்கமான சந்தில் ஒரு வீட்டில் பிடிக்கும் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

கண்ணும் தூக்கமும்

வீட்டில் வைத்த கம்ப்யூட்டருக்கு ஷிப்ட் கிடையாது. பட்டறைக்கும் அதுதான், பிள்ளையின் படிப்புக்கும் அதுதான். 2020 ஏப்ரலில் தாராவியில் கொரோனா பரவத் தொடங்கி, பள்ளிகள் மூடியிருந்த மாதங்களில், ஒரே திரைக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்த வீடுகள் எத்தனையோ. ஆர்டர் மட்டும் இல்லை.

இப்போது ஆர்டர் திரும்பிவிட்டது. இரவு வேலையும் திரும்பிவிட்டது. பஞ்சிங் செய்கிறவர் புள்ளி புள்ளியாகப் பார்க்க வேண்டியிருப்பதால் கண் எரிச்சலும் கழுத்து வலியும் வருகின்றன. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கி, வாசலுக்கு வெளியே தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றைச் சற்று நேரம் பார்த்தால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு இருக்கட்டும். அறையை இருட்டாக்கித் திரையை மட்டும் எரியவிடுவது கூடாது. பக்கத்தில் குழந்தை தூங்குகிறது என்றால் விளக்கைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

கைவேலைக்காரர் கதி

மெஷின் வந்ததால் வேலை இழந்தவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நான்கு பக்கமும் உட்கார்ந்து ஆரி ஊசியால் ஜரிகை வேலை செய்யும் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் தாராவியில் நிறைய உண்டு. மலிவான பூ வேலை அவர்கள் கையை விட்டு மெஷினுக்குப் போய்விட்டது. மணியும் ஜமிக்கியும் வைத்துச் செய்யும் உயர்ந்த வேலை அவர்களிடம் மிச்சம் இருக்கிறது.

ஜக்கார்டின் தறியை லியோன் நெசவாளர்கள் எதிர்த்தார்கள். 1960-களில் கல்கத்தாவில் ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் கம்ப்யூட்டர் வைக்க முயன்றபோது ஊழியர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அவர்களின் பயம் வீண் என்று தள்ளிவிட முடியாது. வயிற்றுப் பிழைப்பின் பயம் அது. ஆபீசில் சங்கம் இருந்தது. பேச்சுவார்த்தை நடந்தது, வேலைக்கு உத்தரவாதம் கேட்க முடிந்தது. ரயில் ரிசர்வேஷன் 1986-ல் டில்லியில் கம்ப்யூட்டருக்கு மாறி மற்ற நகரங்களுக்கும் பரவியபோது, பெரிய லெட்ஜரில் பெயர் எழுதிய குமாஸ்தா அதே கவுண்டரில் திரை முன் உட்கார்ந்தார். வீட்டுப் பட்டறைத் தொழிலாளிக்கு அப்படிக் கேட்டு வாங்க ஆள் இல்லை. திரையின் முன் உட்காரும் இடத்தை அவர் தாமே கற்றுப் பிடித்தாக வேண்டும்.

நாளைய தாராவி

இதற்கெல்லாம் மேலே இன்னொரு கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கான டெண்டர், 2022 நவம்பரில் ரூ.5,069 கோடிக்கு அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் இருப்பதாக நிரூபிப்பவர்களுக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு என்பது அறிவிப்பு. பின்னர் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே வீடு. தொழில் நடக்கும் இடத்துக்குத் தனி விதிகள்.

கீழே பட்டறை, மேலே குடித்தனம் என்று இருக்கும் குடும்பத்தை இந்த விதி எப்படிப் பிரிக்கும் என்பதுதான் நம்மவர்களின் கவலை. அடுக்கு மாடியில் வீடு கிடைத்தாலும் அங்கே பன்னிரண்டு தலை மெஷினை ஓட்ட முடியாது. தோல் ஒட்ட முடியாது. வீட்டுக்குள் வைத்துத் தொடரக்கூடிய வேலைகளில் பஞ்சிங்கும் ஒன்று. இன்று அதைக் கற்றவர் நாளை எந்த மாடியில் குடியேறினாலும் தொழிலையும் கூட எடுத்துச் செல்லலாம்.

தொழில் நடந்தது என்பதற்கு வாய்ச் சொல் சாட்சி ஆகாது, காகிதம் வேண்டும். 'குமாஸ்தா' என்று மும்பையில் சொல்லும் கடை லைசென்ஸ், கரண்ட் பில், 2020 ஜூலையில் ஆரம்பமான 'உத்யம்' பதிவு, ஜி.எஸ்.டி பதிவு இருந்தால் அதன் ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். பெயரும் விலாசமும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தமிழ்ப் பெயரின் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்தால் பிறகு அலைச்சல்தான். ஆங்கிலமும் மராத்தியும் தெரிந்த குமாஸ்தா உறவினர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து இந்தக் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுத்தால், அது பெரிய உதவி.

இதற்கும் பட்டறைக் கம்ப்யூட்டரே துணை. ஒவ்வொரு காகிதத்தையும் படம் எடுத்து, டிசைன் பைல்கள் இருக்கும் அதே இரண்டு பென் டிரைவ்களிலும் போட்டு வைக்கலாம். அசல் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்ணீர் எட்டாத உயரத்தில் வையுங்கள். பட்டறையில் மெஷின் இருந்தால், மெஷினுக்குக் கட்டிய ரசீதையும் அதே உறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.